தன்னிச்சை உயிர்த்தோற்றம்

உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகவே பிறக்கும் என்ற கருத்து தன்னிச்சை உயிர்த்தோற்றக் கொள்கை எனப்படும். விலாங்கு சேற்றில் பிறக்கிறது என்று எழுதிய அரிஸ்டாட்டில் முதல், கோதுமையையும் அழுக்குச் சட்டையையும் ஒரு கலத்தில் போட்டு வைத்தால் 21 நாளில் எலி வரும் என்ற வான் ஹெல்மான்ட் வரை, படித்தவர்களே இதை ஏற்றிருந்தனர். வியர்வையில் தோன்றும் உயிர்கள் என ஒரு வகையை நம் மரபின் நால்வகைத் தோற்றமும் வைத்திருக்கிறது. பாஸ்டர் ஒரே குடுவையால் இக்கொள்கையை வீழ்த்தினார் என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் ஒவ்வொரு சோதனையும் அதற்கு எழுந்த மறுப்பால்தான் கூர்மை பெற்றது. தோற்ற தரப்பு இல்லையென்றால் வென்ற தரப்பின் சோதனை பாதியிலேயே நின்றிருக்கும்.

பிளாரன்ஸ் நகரில் மெதிச்சி அரண்மனை மருத்துவராயிருந்த பிரான்செஸ்கோ ரெடி, 1668இல் வெளியிட்ட நூலில் விவரிக்கும் சோதனை எளியது. பாம்பு, மீன், விலாங்கு, கன்றிறைச்சி ஆகியவற்றைத் தனித்தனிக் குடுவைகளில் இட்டார். சிலவற்றை இறுக மூடினார், சிலவற்றைத் திறந்தே விட்டார். திறந்தவற்றில் மட்டும் புழு வந்தது. காற்று புகாததால்தான் மூடியவற்றில் உயிர் தோன்றவில்லை என்று யாரும் சொல்லிவிடலாம் அல்லவா? அதற்காகவே ரெடி மறுபடியும் செய்தார். இம்முறை மெல்லிய வலைத்துணியால் வாயைக் கட்டினார். காற்று உள்ளே போயிற்று, ஈ போகவில்லை, இறைச்சியில் புழுவும் இல்லை. ஈக்கள் துணியின் மேலேயே முட்டையிட்டன. எல்லாவற்றையும் ஒன்றுபோல் வைத்து, ஐயத்துக்குரிய ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் ஒப்பீட்டுச் சோதனைக்கு இதைவிடத் தெளிவான பழைய எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. இத்தனைக்கும் ரெடி கொள்கையை முழுதாகக் கைவிட்டவரல்லர். மரக்கழலைகளில் இருக்கும் பூச்சிகளை அந்த மரமே உண்டாக்குகிறது என்றுதான் அவர் கருதினார். சோதித்த இடத்தில் கறாராகவும், சோதிக்காத இடத்தில் தாராளமாகவும் இருந்தார் எனலாம்.

லீவன்ஹூக் நுண்ணோக்கியில் நுண்ணுயிர்களைக் கண்ட பின் வழக்கு ஈயிலிருந்து அவற்றுக்கு மாறியது. 1748இல் ஜான் நீடாம், சூடாக்கித் தக்கையிட்டு மூடிய இறைச்சிச் சாற்றில் அவை பெருகியதை அறிவித்தார். அதை ஏற்காத இத்தாலிய ஆய்வாளர் ஸ்பல்லன்சானி குடுவையின் கழுத்தையே உருக்கி அடைத்து, ஒரு மணி நேரம்வரை கொதிக்க வைத்தபோது எதுவும் வளரவில்லை. நீடாம் விடவில்லை: இவ்வளவு வெப்பம் உயிராக்கும் ஆற்றலையும் உள்ளிருக்கும் காற்றையும் கெடுத்துவிட்டது என்றார். இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அடைத்துக் காத்த உணவுக் கலங்களின் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்று கே-லூசாக் பின்னர் காட்டியதும், நீடாமின் ஐயத்துக்குப் புது வலு கிடைத்தது.

காற்றைக் கெடுக்காமல் தூசை மட்டும் தடுக்க வேண்டியிருந்தது. ரெடியின் வலைத்துணி செய்த அதே வேலையைப் பாஸ்டரின் அன்னக் கழுத்துக் குடுவை செய்தது: காற்று தடையின்றிப் போய்வந்தது, தூசு வளைவில் தங்கியது. கழுத்தை உடைத்தால் சாறு கெட்டது; ஆகவே சாற்றின் ஆற்றல் வெப்பத்தால் அழியவில்லை. 1860இல் அவர் இன்னொன்றும் செய்தார். கொதிக்க வைத்த சாறுள்ள குடுவைகளை இருபது இருபதாகச் சமவெளியிலும், ஜூரா மலையிலும், ஆல்ப்ஸ் பனியாற்றின் அருகிலும் திறந்து மூடினார். தூசு குறையக் குறையக் கெட்டவையும் குறைந்தன: முறையே 8, 5, 1. ரூவான் நகர இயற்கையியலாளர் பூஷே 1863இல் இதையே பிரனீஸ் மலையில் செய்தபோது குடுவைகள் எல்லாமே கெட்டன. ஆனால் பூஷே எடுத்தது உலர்புல் ஊறிய நீர். பாஸ்டர் எடுத்தது சர்க்கரை சேர்த்த ஈஸ்ட் சாறு. 1864இல் பிரெஞ்சு அறிவியல் கழகக் குழுவின் முன்னிலையில் சோதிக்க மறுத்துப் பூஷே விலகினார், வெற்றி பாஸ்டருக்கே என்றாயிற்று. அக்கழகம் பாஸ்டர் பக்கம் சாய்ந்திருந்தது, சமயமும் அரசியலும் அதில் கலந்திருந்தன என்று பார்லி, கைசன் போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிட்டுள்ளனர். அது உண்மையாகவே இருக்கட்டும். தீர்ப்பு அவசரப்பட்டது என்பதைத்தான் அது காட்டும், முடிவு தவறு என்பதை அல்ல. ஏனெனில் பூஷேயின் குடுவைகள் கெட்டதற்கான காரணம் கழகத்துக்கு வெளியே வெளிப்பட்டது. 1876இல் பெர்டினாண்ட் கோன், உலர்புல்லில் வாழும் பாசில்லஸ் பாக்டீரியா கொதிநீரிலும் சாகாத வித்துகளை உண்டாக்குவதைக் கண்டார். அடுத்த ஆண்டு டின்டால், விட்டுவிட்டுச் சூடாக்கினால் இடைவேளையில் வித்து முளைத்து மென்மையாகி மடியும் என்று காட்டினார். பூஷே கண்டது மெய். காரணம் கூறியதில்தான் தவறினார்.

இனி எஞ்சியிருப்பது வலுவான மறுப்பு: உயிர் உயிரிலிருந்தே வரும் என்றால் முதல் உயிர் எங்கிருந்து வந்தது? பாஸ்டரின் குடுவை இதற்கு விடை சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. இன்றைய சாற்றில் சில நாளில் வளர்பவை வெளியிலிருந்து வந்தவை என்பதே அது நிறுவியது. ஆதிப் பூமியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடந்தது வேறு வினா. 1953இல் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றபோது அந்த வினா ஆய்வுக்கூடத்துக்குள் வந்தது. பாக்டீரியா புகுந்து அவற்றை உண்டாக்கியிருக்குமோ என்ற ஐயம் அங்கும் எழுந்தது. கருவியை ஆட்டோகிளேவ் என்னும் உயரழுத்த நீராவிக் கலனில் 18 மணி நேரம் வைத்துவிட்டு மில்லர் சோதனையைத் திரும்பச் செய்தார். அமினோ அமிலங்கள் அப்போதும் கிடைத்தன.