தமிழ் இணையத்தளங்களின் ஏற்றவேகம்: யாழ்ப்பாணக் குடாநாடு

ஏற்றவேகம் என்பது இணைப்பைத் தொட்டதில் இருந்து பக்கம் வாசிக்கத்தக்கதாகத் திரையில் வந்து நிற்கும் வரையான நேரம். கூகிள் 2020இல் அறிவித்த அளவீட்டின்படி பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 செக்கனுக்குள் தோன்றவேண்டும்.

புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு போன்ற ஊர்களின் தளங்களுக்கும் மரண அறிவித்தல் தளங்களுக்கும் வாசகர் இரு கரைகளில் இருக்கிறார்கள்: ஊரில் ரீலோட் செய்த டேட்டாவோடு ஒருவர், ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இன்னொருவர். தளத்தைத் தாங்கும் கணினியான வழங்கியை எங்கே வைத்தாலும் ஒருவருக்குத் தூரம்தான். யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும். ஒரு தடவை போய்வரவே 130 மில்லிசெக்கன். பாதுகாப்பான இணைப்பு தொடங்கி முதல் எழுத்து வந்துசேர வழக்கமாகப் பல தடவை போய்வரவேண்டும். நேர்வழியும் கிடையாது. காங்கேசன்துறையில் இருந்து கோடிக்கரை 60 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் தூத்துக்குடியில் இருந்து 2006இல் வந்த கடலடி வடம் கல்கிசையிலே கரையேறியது. யாழ்ப்பாணத்துத் தரவு முதலில் தெற்கே இறங்கித்தான் கடல் தாண்டுகிறது.

தமிழ் எழுத்தே பக்கத்தைக் கனக்கச் செய்கிறது என்று சொல்வார் உண்டு. ‘யாழ்ப்பாணம்’ எழுத்தில் ஆறு, ஒருங்குறியில் 11 குறிகள், குறிக்கு மூன்றாக 33 பைட். ஒருங்குறிக்கு முன் இலங்கையில் பரவியிருந்த பாமினி எழுத்துருவில் அதே சொல் 11 பைட்டில் முடிந்தது. எழுத்துரு இல்லாத கணினியிலோ வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தது. இந்த மூன்று மடங்கைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தமிழ்க் குறிகளின் தொடக்க பைட்டுகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருவதால், வழங்கியில் சுருக்கத்தை இயக்கிவிட்டால் பெரும்பகுதி கரைந்துவிடும். எழுத்துருவையும் பக்கத்தோடு அனுப்பவேண்டியதில்லை. இன்றைய கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது.

உண்மையான பாரம் படங்கள். நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். தேர் நாளில் எடுத்த படம் கைத்தொலைபேசியில் 4,000 பிக்சல் அகலம், மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். அதை அப்படியே ஏற்றி, காட்டும்போது மட்டும் சிறிதாக்குவது ஊர்த் தளங்களில் சாதாரணம். திரையில் படம் சின்னது. வாசகர் கட்டும் காசு முழுப்படத்துக்கு. 1,200 பிக்சலுக்குக் குறைத்து, கூகிள் 2010இல் வெளியிட்ட வெப்-பி வடிவில் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டில் அடங்கும். கீழே உள்ள படங்கள் வாசகர் இறங்கி வரும்போது ஏறினால் போதும். முதல் படத்துக்கும் அதே விதியைப் போடுவது பிழை: அது பிந்தினால் அளவீடும் பிந்தும். படத்தின் அகல உயரத்தை முன்கூட்டிக் குறிக்காவிட்டால், வாசித்துக்கொண்டிருக்கும் வரி திடீரெனக் கீழே துள்ளும்.

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு வருகைக்கும் தரவுத்தளத்தைக் கேட்டுப் பக்கத்தைப் புதிதாகக் கட்டுகின்றன. கட்டிய பக்கத்தைச் சேமித்து, அதன் பிரதிகளைப் பல நாட்டு வழங்கிகளில் வைப்பதே இரு கரை வாசகருக்கும் பொருந்தும் வழி. இதில் ஒரு சிக்கல் உண்டு. மரண அறிவித்தலில் இறுதிக்கிரியை நேரம் காலை 9இல் இருந்து 11க்கு மாறினால் மூலப்பக்கத்தைத் திருத்துவது மட்டும் போதாது. பழைய பிரதிகளையும் கையோடு அழிக்கவேண்டும். அழிக்காவிட்டால் ரொறன்ரோவில் இருக்கும் மகள் காண்பது பழைய நேரத்தைத்தான், அதுவும் மிக வேகமாக.