காத்த எறக்கு தம்பி

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், நண்பனின் ஃபோர் வீல் டிரைவ் வண்டி அச்சுவரை மணலில் புதைந்து நின்றது. நாலு சக்கரமும் சுத்துது, வண்டி மட்டும் நகரல. மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். "காத்த எறக்கு தம்பி. பாதி போதும்." இறக்கினோம். டயர் தட்டையாகி மணலின்மேல் நீளமாகப் படுத்தது. எடை பரவியது. ரெண்டு தள்ளுக்கு வண்டி வெளியே வந்துவிட்டது. படகு இழுக்கும் டிராக்டரில் கற்றதாம்.

நாங்கள் காலையில் கடந்துவந்த செங்கல்பட்டுக்குப் பக்கத்தில்தான், மஹிந்திரா சிட்டிக்குள், 2012 முதல் மஹிந்திரா ரிசர்ச் வேலி இயங்குகிறது. 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கி ஏறும் என்று சொல்லி விற்கப்படும் 2020-ஆம் வருஷத்துத் தார் உருவானது அங்கேதான். தண்ணீர், சேறு, மணல் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி கேட்டது. மாதிரியைக் கொடுக்க 49 நாள் கெடு. நொடிந்துபோயிருந்த பாண்டம் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து அதைச் செய்து முடித்து, செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலாபேர்ட் முகாமில் கொண்டுபோய் விட்டது. ராணுவத்துக்காரர்கள் மூன்று வாரத்துக்கு மேல், பெரும்பாலும் சாலையே இல்லாத நிலத்தில், 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள். எங்கே உடையும் என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். சட்டம் உடைந்தது, திருத்தினார்கள். ஜீப் பிறந்தது அப்படித்தான்.

1945-இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் 1947-இல் மும்பையில் வில்லிஸ் ஜீப்பை ஒருங்கிணைக்க ஆரம்பித்தது. நம் ஊர்ப்பக்கம் அது தாசில்தாராகவும் மலேரியா ஒழிப்புக்காரராகவும் ஓட்டு கேட்பவராகவும் வந்தது. ஜீப் சத்தம் கேட்டால் சர்க்கார் வருகிறது என்று அர்த்தம். இந்தியாவில் அந்த வண்டியை உண்மையில் சோதித்தது அரசாங்க டிரைவர்கள்தான் என்பது என் கட்சி. அவர்கள் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்குக் குண்டும் குழியும் தேடி அலைய வேண்டியதில்லை. மோசமான ரோட்டில் அச்சில் உணரிகளை ஒட்டி ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு குலுக்கலும் பதிவாகிறது. பிறகு ஆய்வகத்தில் நாலு ஹைட்ராலிக் தூண்கள்மேல் வண்டியை நிறுத்தி, அதே குலுக்கலை ராத்திரி பகலாகக் கொடுக்கிறார்கள். பல வருஷத் தேய்மானம் சில வாரத்தில் முடிந்துவிடும். சோதனைக் களங்களில் பெல்ஜியத்தின் கல் பாவிய தெருவையே நகலெடுத்துப் போடுகிறார்கள். எந்த நாட்டில் போட்டாலும் அதற்குப் பெயர் பெல்ஜியன் பாவே. மண் ரோட்டில் விழும் அலை வரிகளையும் கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். அந்த வரிகள் ஏன் விழுகின்றன என்பது தனிச் சுவாரசியம்: குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், ஸ்பிரிங்கே இல்லாத வெறும் சக்கரம்கூட மணலை அலையாக மடிக்கும் என்று 2007-இல் சுழலும் மணல் மேடையில் உருட்டிக் காட்டினார்கள்.

செய்யாறு பக்கம் மஹிந்திராவின் சோதனைத் தடம் மட்டும் 454 ஏக்கர். பள்ளமும் மேடும் செய்ய இவ்வளவு நிலமா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. நல்ல ரோடு கேட்டு மனுக் கொடுக்கிற ஊர்களுக்கு நடுவே, காசு செலவழித்துக் கெட்ட ரோடு போடுகிறார்கள்!

ஆனால் வேறு எங்கே ஓட்டுவது? "யாருமில்லாத இடம்" என்று நாங்கள் இறங்கிய இந்தக் கரையில் ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஐஐடி மெட்ராஸில் படித்த சதீஷ் பாஸ்கர், 1970-களிலிருந்து இந்தியக் கடற்கரைகளில் ஆமைகளைத் தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலைந்தார். எந்த ஃபோர் வீல் டிரைவும் இல்லை, நடைதான். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு டயர் தடம் ஒரு அகழி. விழுந்தால் கடலைப் பார்த்து ஏற முடியாமல் தடத்தோடேயே போய்க்கொண்டிருக்கும், விடிந்தால் காக்கை.

இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்று பிப்ரவரிக் கடைசி. வண்டி கெட்டித் தரைக்கு ஏறியதும் நாங்கள் கைதட்டினோம், போட்டோ எடுத்தோம். பெரியவர் எங்கள் தடத்தின் ஓரத்தைக் காலால் சரித்து மூடிக்கொண்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. டயருக்குக் காற்றடிக்கப் பங்க் தேடிக் கிளம்பிவிட்டோம்.