கருங்காலி என்று யாரைச் சொன்னோம்?



ஆலைத் தொழில் வந்ததும் பழைய சமூகம் உடைந்தது, உழவன் தொழிலாளியானான், சாதி மெல்ல வர்க்கமாக மாறியது என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இங்கிலாந்தின் அனுபவத்தை அளவுகோலாக வைத்து எழுதப்பட்ட கதை அது. நம் ஆலைகளுக்குள் என்ன நடந்தது என்பதை இரண்டு வேலைநிறுத்தங்களை வைத்துப் பேச நினைக்கிறேன். ஒன்று 1921இல் சென்னை பெரம்பூரில் நடந்தது. மற்றொன்று 1928இல் பம்பாயில் நடந்தது.

ஆலை நமக்குக் கொடுத்ததை முதலில் சொல்லிவிட வேண்டும். பண்ணையாளுக்குக் கூலி என்பது ஆண்டை அளந்து போட்ட நெல். மரக்கால் அவர் கையில் இருந்தது, கடன் கணக்கும் அவர் கையில்தான் இருந்தது. ஆலையிலும் சுரங்கத்திலும் கூலி காசாக வந்தது. அந்தக் காசில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது, சங்கத்துக்குச் சந்தா கட்ட முடிந்தது, பத்திரிகை வாங்க முடிந்தது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன நம் மக்கள் மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை அமைத்தார்கள். 1907இல் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கிய இதழை, 1914இல் பண்டிதர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1926இல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் கொண்டுவந்தது தங்கவயலிலிருந்துதான். தலித் அச்சு வரலாற்றில் சுரங்கத் தொழிலாளியின் வியர்வை கலந்திருக்கிறது. இலக்கிய அரங்கில் இருக்கும் நாம் இதை மறக்கக் கூடாது.

ஆனால் ஆலை வாசலில் நின்று ஆள் எடுத்தவர் மேஸ்திரி. அவர் தன் உறவையும் தன் சாதியையும் தன் ஊரையும் பார்த்துத்தான் ஆள் எடுத்தார். யார் எந்தப் பிரிவில் நிற்பது, யார் எந்தத் தெருவில் குடியிருப்பது என்பதெல்லாம் அந்த வாசலிலேயே முடிவாகிவிட்டது. எந்திரம் புதிது. அதன் முன்னே நிறுத்தப்பட்ட வரிசை பழையது.

பெரம்பூருக்கு வருவோம். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் சாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர், கிறித்தவர் எல்லோரும் வேலை செய்தார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டம் பஞ்சாலையில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை என்றது. மதியம் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்ற குறையிலிருந்து எழுந்த சங்கம்தான் 1918 ஏப்ரல் 27இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர். செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் அதை உருவாக்க உழைத்தவர்கள். 1920 இறுதியில் நடந்த போராட்டத்தின்போது ஆலை கதவை மூடியது, சங்கத் தலைவர்கள்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டது. அந்த வழக்கு எழுப்பிய கேள்விதான் பின்னர் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. இவை பெருமையோடு சொல்ல வேண்டிய செய்திகள்.

அந்தப் பட்டினி ஆறுவதற்குள் 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையிலும், ஜூனில் பக்கிங்காம் ஆலையிலும் அடுத்த வேலைநிறுத்தம் வந்தது. இந்த முறை ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இரு பக்கமும் தாக்குதல் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. வேலைக்குப் போனவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘கருங்காலி’. நூறாண்டுக்குப் பிறகும் அந்தப் பெயர் சில பேச்சுகளில் உயிரோடிருக்கிறது.

அவர்கள் போனது சரி என்று வாதாட நான் வரவில்லை. நிர்வாகம் அந்தப் பிளவைத் தனக்கு லாபமாக்கிக்கொண்டது, உண்மை. ஆனால் ஏன் போனார்கள் என்று கேட்பது வரலாறு எழுதுகிறவரின் கடமை. சேமிப்பு என்று எதுவும் இல்லாத, கடனில் மூழ்கிய குடும்பம் ஓராண்டுக்குள் இரண்டாவது முறை எப்படிப் பட்டினி கிடக்கும்? வேலை போனால் திரும்பிப் போக ஊரில் அவர்களுக்குக் காணி இருந்ததா? ஊர் என்றால் மறுபடி பண்ணைதான். சங்கக் கூட்டத்தில் ‘சகோதரர்களே’ என்று அழைத்தவர்கள் மாலையில் எந்தக் கிணற்றில் நீர் எடுத்தார்கள்?

அரசியல் இதை இன்னும் கூர்மையாக்கியது. சென்னை மாகாணத்தில் ‘தொழிலாளர் துறை’ என்ற பெயரில் அமைந்த துறைக்குத் தாழ்த்தப்பட்டோருக்கு மனையிடம், கிணறு, பள்ளி தரும் பொறுப்பும் இருந்தது. அதனால்தான் நம் பெரியவர்கள் ஆதிதிராவிடர் பள்ளியை ‘லேபர் ஸ்கூல்’ என்றார்கள். அந்தத் துறை ஆதிதிராவிடருக்குச் செல்லம் கொடுத்ததால்தான் கலவரம் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள். எம்.சி. ராஜா அதை எதிர்த்துத் தம் மக்கள் பக்கம் நின்றார், 1923இல் அந்தக் கட்சியை விட்டே விலகினார். தமிழ்நாட்டு அரசியலில் பின்னாளில் பெரிதான ஒரு விரிசல் ஆலை வாசலில் விழுந்தது.

ஏழு ஆண்டுகள் கழித்துப் பம்பாய். அங்கே பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அந்தப் பிரிவுக்குள் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. காரணம் ஒரு சின்ன வேலை. நாடாவில் ஊடை நூல் தீர்ந்ததும் புதிய தார் போட்டு, நாடாவின் துளை வழியாக நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். மகார் ஒருவர் வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்றார்கள் சாதித் தொழிலாளர்கள். லங்காஷயர் நெசவாளிகளும் அப்படித்தான் வாயால் நூல் இழுத்தார்கள். அங்கே அது நோய் பற்றிய கவலையானது. இங்கே தீட்டானது. அந்த எச்சிலைக் காட்டித் தலைமுறை தலைமுறையாக ஒரு மக்களின் கூலி உயர்வு மறிக்கப்பட்டது.

1928 ஏப்ரலில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அம்பேத்கர் இதை நேராகக் கேட்டார். நெசவுப் பிரிவில் எங்கள் மக்களுக்கு உள்ள உரிமையை உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள், சேர்க்காவிட்டால் எங்கள் மக்களை வேலைநிறுத்தத்திலிருந்து விலகச் சொல்வேன் என்றார். தயக்கத்தோடுதான் தலைவர்கள் சேர்த்தார்கள். பட்டியலில் ஏறியதே தவிர நெசவுப் பிரிவின் கதவு உடனே திறந்துவிடவில்லை. ஆனாலும் தொழிலாளர் ஒற்றுமைக்கு ஒரு விலை உண்டு, அதைச் சாதித் தொழிலாளியும் கொடுக்க வேண்டும் என்பது முதன்முறையாகக் கோரிக்கைத் தாளில் ஏறியது. பெரம்பூரில் விடுபட்டது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கிப் பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் எழுதியபோது அவர் கண்முன்னே இந்த நெசவுப் பிரிவு இருந்திருக்கும். அதே ஆண்டு சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 நவம்பர் 7இல் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். வைசிராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் பொறுப்பில் இருந்தபோது, வாரம் 48 மணி நேர வேலை என்ற வரம்புக்கான சட்டத் திருத்தத்தை முன்னெடுத்தார். இன்று எந்தச் சாதித் தொழிலாளி எட்டு மணி நேரத்தில் வீடு திரும்பினாலும் அதில் அவர் பங்கு இருக்கிறது.

பெரம்பூர் ஆலை 1990களில் மூடப்பட்டது. கேள்வி மூடப்படவில்லை. ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊரிலுள்ள தொழிற்சாலைக்குப் போய், நிரந்தரப் பணியில் யார், ஒப்பந்தத்தில் யார், கழிவறை கழுவுவது யார் என்று எழுதி வாருங்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பஞ்சாலை விடுதிகளில் அடைக்கப்பட்ட பெண் பிள்ளைகள் எந்தத் தெருக்களிலிருந்து போனார்கள் என்று கேளுங்கள். சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் கோரிக்கை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இருக்கிறதா என்றே முதலில் பாருங்கள்.

பட்டியலில் அவர் பெயரை எழுதாமல் போராட்டத்துக்கு அழைத்துவிட்டு, வராதபோது கருங்காலி என்பது நியாயமில்லை. அந்தச் சொல்லைப் புளியந்தோப்பு மக்கள்மீதிருந்து நாம் திரும்பப் பெற வேண்டும்.

ஜெய் பீம்.