கணக்குக் காட்டாதவர்கள்

உத்திரமேரூரில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் பழைய கரண்ட் பில்கள், அப்பாவின் பணி நியமன ஆணை, அக்காவின் ஜாதகம், கூடவே நூறு பங்குகளுக்கான சான்றிதழ்கள். 2000 பிப்ரவரியில், பள்ளி ஆசிரியர் அறையில் யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா வாங்கியவை. ஏதோ ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி, பெயர் வேண்டாம். போட்டது 42,000 ரூபாய், வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த பணம். அந்தக் கம்பெனி இன்று இல்லை. தளம் 2007-ல்தான் போட்டோம். அதுவரை ஒவ்வொரு ஐப்பசியிலும் ஓட்டுக்கூரையின் கீழே பாத்திரங்களை வைத்துக்கொண்டிருந்தோம்.

போன மாதம் அப்பா கேட்டார்: “ஏஐ வந்துடுச்சு, ஐடி கம்பெனியெல்லாம் காலின்னு டிவியில சொல்றானுங்களே. நீ பணத்தை எதுலடா வெச்சிருக்க?”

“ஐடி ஃபண்டுலப்பா.”

“சம்பளமும் அங்கதான், சேமிப்பும் அங்கதானா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க 2000-ஆம் வருஷத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒய்-டூ-கே வேலைகளால் இந்திய மென்பொருள் கம்பெனிகளுக்கு டாலர் கொட்டிய காலம் அது. பெயரில் ‘சாஃப்ட்’ என்றோ ‘இன்ஃபோ’ என்றோ ஒட்டிக்கொண்டால் பங்கு விலை ஏறும். மும்பையில் கேதன் பரேக் என்ற பங்குத் தரகர், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், பத்துப் பங்குகளைக் கையில் எடுத்தார். சந்தையில் அவற்றுக்கு ‘கே-10’ என்று பெயர். அதில் சென்னைக் கம்பெனிகள் மட்டும் மூன்று: பென்டாமீடியா கிராஃபிக்ஸ், டிஎஸ்க்யூ சாஃப்ட்வேர், எஸ்எஸ்ஐ. பென்டாமீடியாவின் பழைய பெயர் பென்டாஃபோர். பரேக்குக்கே ‘பென்டாஃபோர் புல்’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. மும்பைக் காளைக்கு மெட்ராஸ் கம்பெனியின் பெயர்!

அவர் செய்ததை நம்மூர் அடகுக்கடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு சங்கிலியை அடகு வைக்கிறீர்கள். அந்தப் பணத்தில் அதே மாதிரி இன்னொரு சங்கிலி வாங்குகிறீர்கள். நீங்களே வாங்கிக்கொண்டிருப்பதால் சங்கிலியின் விலை ஏறுகிறது. விலை ஏறியதால் அடகுக்கடைக்காரர் இன்னும் அதிகமாகத் தருகிறார். மறுபடியும் ஒரு சங்கிலி. பரேக்குக்கு அடகுக்கடையாக இருந்தவை வங்கிகள். அவற்றில் முக்கியமானது அகமதாபாத்தின் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி.

2000 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 5,048-ல் உச்சம் தொட்டது. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கரைந்தது. இங்கே 2001 மார்ச்சில் கட்டு அவிழ்ந்தது. கல்கத்தா பங்குச்சந்தையில் தரகர்களால் பணம் கட்ட முடியவில்லை. மாதவ்புரா வங்கி வாசலில் கூட்டம் நின்றது. மார்ச் 30 அன்று பரேக் கைதானார். அவருடைய பட்டியலிலேயே இல்லாத அப்பாவின் கம்பெனியும் அந்த வெள்ளத்தோடு போனது.

பங்குச்சந்தைப் பக்கமே போகாதவர்களும் தப்பவில்லை. யூனிட் டிரஸ்டின் யூஎஸ்-64 திட்டம் 1964-ல் தொடங்கியது. அரசாங்கத்துடையது, ஒன்றும் ஆகாது என்று நம்பி வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் பணம் போட்ட இடம். 2001 ஜூலையில் அதைத் திரும்ப எடுப்பதை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். கே-10 பங்குகளில் சில யூனிட் டிரஸ்டிடமும் இருந்தன.

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. தொழில்நுட்பம் பொய் சொல்லவில்லை. பென்டாமீடியா எடுத்த ‘பாண்டவாஸ்’ முப்பரிமாண அனிமேஷன் படத்துக்குச் சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதே கிடைத்தது. இணையம் வந்தது, பழைய மகாபலிபுரம் சாலை ஐடி சாலையாக மாறியது, நான் அங்கே வேலைக்கும் போனேன். அப்பா நம்பிய எதிர்காலம் அப்படியே வந்தது. அவருடைய 42,000 மட்டும் வரவில்லை.

இன்றைக்கு வருவோம். இரண்டு நாள் எடுத்த வேலையை ஏஐ துணையோடு அரை நாளில் முடிக்கிறேன். இது விளம்பரம் இல்லை, என் அனுபவம். ஆனால் மிச்சமான அந்த ஒன்றரை நாள் யாருக்குச் சொந்தம்? நம் ஐடி கம்பெனிகள் பெரும்பாலும் ஆள்கணக்கிலும் மணிக்கணக்கிலும் பில் போடுகிறவை. நேரம் குறைந்தால் வாடிக்கையாளர் பில்லையும் குறைக்கச் சொல்வார். அதனால்தான் அமெரிக்காவில் சிப் கம்பெனியின் பங்கை ஏற்றுகிற அதே செய்தி, இங்கே ஐடி பங்குகளை இறக்குகிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது எங்கள் வாட்சப் குழுக்களில் இரண்டு நாள் மீம் கூட வரவில்லை.

ஏறுகிற பக்கமும் நிம்மதியாக இல்லை. 2025 ஜனவரி 27 அன்று, டீப்சீக் என்ற சீன மாடலைப் பார்த்த பயத்தில் என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் சுமார் 59,000 கோடி டாலர் சரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஓப்பன்ஏஐயில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யும் திட்டத்தை என்விடியா அறிவித்தது. ஓப்பன்ஏஐ வாங்கப்போவது என்விடியாவின் சிப்புகளை. இது மோசடி இல்லை. பரேக் மறைவில் செய்தார், இவர்கள் அறிக்கை விட்டுச் செய்கிறார்கள். ஆனாலும் அடகுக்கடைச் சங்கிலி ஞாபகத்துக்கு வராமல் இல்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். முதலாம் பராந்தகன் காலத்து, பொ.ஆ. 919, 921 கல்வெட்டுகள் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் பேசுகிற கல்வெட்டு. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர்ப்பணத்தைத் தொடுகிற குழுக்களுக்கு ஆள் எடுக்கிற விதிகள். அதில் ஒரு விதி: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய மகன், அப்பா, மாமனார், மருமகன், மைத்துனன் பெயரையும் போடக்கூடாது.

ஆயிரத்து நூறு வருஷமாக இது எங்கள் ஊர்ச் சுவரில் இருக்கிறது. அப்பா தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனார். அந்தக் கம்பெனியின் கணக்கை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. நானும் என் ஃபண்டு எந்தெந்தக் கம்பெனிகளில் பணம் போட்டிருக்கிறது என்று மூன்று வருஷமாகப் பார்த்ததில்லை. ஆப்பில் பச்சையா சிவப்பா என்று மட்டும் பார்ப்பேன்.

வீட்டுக்கு வந்து ஃபண்டின் அறிக்கையைத் திறந்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல் பத்துப் பெயர்களைப் படித்துக் காட்டினேன்.

“இதுல உன் கம்பெனியும் இருக்காடா?”

இருந்தது. மூன்றாவது இடத்தில்.