தவணையின் வரலாறு: சித்தூர், திருப்பதி வீடுகளும் முன்கட்டண மீட்டரும்

முன்கட்டண மின் மீட்டரைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளுக்குள் முடங்கிவிடுகிறது. புதிய மீட்டர் வேகமாக ஓடுமா? அதன் விலை யார் தலையில் விழும்? இரண்டும் நியாயமான கேள்விகளே. வரலாற்று மாணவர் இவற்றுக்கு முன்பாக வேறொன்றைக் கேட்க வேண்டும். மின்சாரத்தை விற்பவருக்கும் வாங்கும் வீட்டுக்கும் இடையில் இதுவரை யார் யாருக்குக் கடன் கொடுத்து வந்தார்கள், யார் யாருக்காகக் காத்திருந்தார்கள்? முன்கட்டண மீட்டர் மாற்றி அமைப்பது இந்தக் காத்திருப்பைத்தான் என்பது என் கருத்து.

சித்தூர், திருப்பதிப் பகுதியை இதற்காகத் தேர்வதற்குக் காரணம் உண்டு. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 1927இல் அம்மாகாணத்தில் மின்துறை தொடங்கப்பட்டதும், 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் மின் உற்பத்திக்கு வந்ததும் இம்மாவட்டத்துக்கும் பொதுவான வரலாறு. பின்னர் ஆந்திரப் பிரதேச மின்வாரியம் 1959இல் அமைந்தது. மறு ஆண்டில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. இன்று திருத்தணியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். சில மைல் தள்ளி நகரியில் மாதந்தோறும் ஊழியர் கைக்கருவியுடன் வந்து, வாசலிலேயே சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரே வெயில், ஒரே மின்விசிறி. தவணை மட்டும் வேறு.

1999 பிப்ரவரியில் ஆந்திர மின்வாரியம் உற்பத்திக்கும் மின்கடத்தலுக்கும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. 2000 ஏப்ரலில் நான்கு பகிர்மான நிறுவனங்கள் பிறந்தன. அவற்றுள் தென்மண்டல நிறுவனத்தின் தலைமையகம் திருப்பதியில், திருச்சானூர் சாலையில் இருக்கிறது. உலக வங்கிக் கடனுடன் வந்த இச்சீர்திருத்தத்தின் முதல் பெரிய கட்டண உயர்வு அதே ஆண்டு கிளர்ச்சியாக வெடித்தது. ஆகஸ்ட் 28 அன்று ஐதராபாத் பஷீர்பாக்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். அப்போதைய முதல்வர் சித்தூர் மாவட்டத்து நாராவாரிபள்ளியில் பிறந்தவர் என்பதை இப்பகுதியினர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன்பின் வந்த எந்த அரசும் வீட்டுக் கட்டணத்தைத் தொடும்போது பஷீர்பாக்கை எண்ணாமல் தொட்டதில்லை என்றே சொல்லலாம்.

இனி மீட்டருக்கு வருவோம். முன்பணம் செலுத்தி எரிபொருள் பெறும் முறை கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு அன்று. பர்மிங்காமைச் சேர்ந்த பிரவுன்ஹில் என்பவர் 1887இல் காசு போட்டால் எரிவாயு தரும் மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை காலாண்டுக் கணக்கில் பணம் கட்ட முடிந்த நடுத்தர வர்க்கத்துக்கே இங்கிலாந்தில் எரிவாயு எட்டியது. வாரக்கூலி வாங்கும் தொழிலாளிக்கு நிறுவனங்கள் கடன் கொடுக்கத் தயங்கின. ஒரு பென்னி நாணயம் அத்தயக்கத்தை நீக்கியது. குழாயும் அடுப்பும் தவணைச் சுமையின்றி வீட்டுக்குள் வந்தன. ஆனால் அவற்றின் செலவு வாயுவின் விலையிலேயே ஏற்றப்பட்டதால், காசு போட்டு வாங்கியவர் அளவுக்கு அதிக விலை கொடுத்தார். ஏழைக்குக் கதவைத் திறந்ததும் ஏழையிடம் கூடுதலாக வாங்கியதும் ஒரே கருவி. இந்த இரட்டைத்தன்மையை விட்டுவிட்டு முன்கட்டணத்தைப் புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் வரலாறு பாதிதான் கிடைக்கும்.

அடுத்த அத்தியாயம் தென்னாப்பிரிக்கா. 1980களில் சொவெட்டோ உள்ளிட்ட கறுப்பின நகர்ப்பகுதிகளில் வாடகையும் சேவைக் கட்டணமும் செலுத்த மறுத்தல் இனஒதுக்கலுக்கு எதிரான போராட்ட வடிவமாயிற்று. கணக்கெடுப்பவர் நுழைய முடியாத தெருக்களுக்கு, ஆள் வராமலே பணம் வாங்கும் மீட்டர் வசதியாக அமைந்தது. கடையில் வாங்கிய 20 இலக்க எண்ணை மீட்டரில் அழுத்தினால் மின்சாரம் வரும். இம்முறை பின்னர் உலகத் தரமாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. (சுவையான செய்தி ஒன்று: அம்மீட்டர்கள் 1993 முதல் நிமிடங்களை எண்ணி வந்தன, எண்ணும் இடம் 2024 நவம்பர் 24 அன்று தீர்ந்துபோகும் என்பதால் கோடிக்கணக்கான மீட்டர்களை வீடு வீடாக மறுகுறியிட வேண்டியதாயிற்று.)

இந்தியாவில் வரும் மீட்டர் இவ்விரண்டிலிருந்தும் ஒரு விதத்தில் வேறுபட்டது. பென்னி மீட்டரிலும் 20 இலக்க மீட்டரிலும் இருப்பு வீட்டுக்குள் இருந்தது. இங்கே இருப்பு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. மீட்டர் அளவை அனுப்புகிறது, துண்டிப்புக் கட்டளையைப் பெற்றுக்கொள்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்நுகர்வோர் உரிமை விதிகள் புதிய இணைப்புக்கு முன்கட்டண மீட்டரையே பொதுவிதியாக்கின. 2021இல் வந்த மத்திய அரசின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டம் நாடெங்கும் 25 கோடி மீட்டர்களை இலக்காக வைத்தது.

வீட்டுச் செலவுக்கு இதனால் என்ன ஆகும்? ஆந்திராவில் 2022 முதல் உள்ள அடுக்கு விலையை எடுத்துக்கொள்வோம்: முதல் 30 யூனிட்டுக்கு 1.90 ரூபாய், 75 வரை 3.00, 125 வரை 4.50, 225 வரை 6.00, 400 வரை 8.75, அதற்கு மேல் 9.75. நாளொன்றுக்கு 4 யூனிட் செலவிடும் வீட்டுக்கு 30 நாளில் 120 யூனிட். நிலைக்கட்டணமும் வரியும் நீங்கலாக 394.50 ரூபாய். மாத இறுதியில் ஒரே சீட்டாக வரும்போது இது ஒரு தொகை. நாள்தோறும் கழிக்கும்போது, அடுக்குகளை நாட்களுக்குப் பங்கிடாமல் சேர்த்து எண்ணிக்கொண்டே போனால், முதல் நாள் 7.60 ரூபாய் குறையும். கடைசி நாள் 18 ரூபாய் குறையும். பயன்பாடு மாறவில்லை. கையில் பணம் வற்றும் மாதக்கடைசியில் இருப்பு இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகக் கரைகிறது. ‘மீட்டர் ஓடுகிறது’ என்னும் புகார்களில் எத்தனை மீட்டரின் பிழை, எத்தனை இந்த அடுக்கின் கணிதம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதத் தொடக்கத்திலேயே முழுத்தொகையைப் போட்டுவிடுவதுதான் குடும்பத்தலைவிக்கு எட்டும் எளிய தற்காப்பு. அதற்கு முதல் தேதியில் சம்பளம் வர வேண்டும்.

முன்கட்டணத்தால் பயன்பாடு குறைகிறது என்பதற்குச் சான்று உண்டு. வட அயர்லாந்தில் விசைப்பலகை மீட்டருக்கு மாறிய வீடுகளில் 11 முதல் 17 விழுக்காடு குறைந்ததாக 2013இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கேப்டவுனில் கெல்சி ஜாக், கிராண்ட் ஸ்மித் ஆகியோர் செய்த ஆய்வில் குறைவு ஏறத்தாழ 14 விழுக்காடு. ஆனால் அணைக்கப்பட்ட தேவையற்ற விளக்கும், காசின்றி இருளில் கழிந்த இரவும் புள்ளிவிவரத்தில் ஒன்றுபோலவே தெரியும். இரண்டாவதை ஆங்கிலேயர் ‘தானே துண்டித்துக்கொள்ளல்’ என்கிறார்கள். துண்டித்தவர் யாருமில்லை; ஆகையால் பதிவேடும் இல்லை.

நம் சட்டத்தில் பதிவேடு இருந்தது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, நிலுவைக்காகத் துண்டிக்குமுன் 15 முழு நாட்கள் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. ஆந்திரச் சீட்டில் கெடு நாளும் துண்டிப்பு நாளும் தனித்தனியே அச்சாகின்றன. அவ்விரு தேதிகளுக்கு இடையில்தான் பல வீடுகள் மாதத்தைக் கடத்துகின்றன: சீட்டுப் பணம் வரும், கூலி கைக்கு வரும், லைன்மேனிடம் ‘இரண்டு நாள் பொறுங்கள் அண்ணா’ என்று கேட்கலாம். சட்டம் எழுதிய தவணையும் தெரு அளித்த தவணையும் சேர்ந்த ஏற்பாடு அது. இருப்பு தீர்ந்ததும் நிற்கும் மீட்டரில் ‘நிலுவை’ என்பதே எழாததால் அறிவிப்புக்கும் வேலையில்லை.

நிறுவனம் இதுவரை கடன் கொடுத்து ஏமாந்தது என்பதும் முழு உண்மை அன்று. இணைப்பின்போதே காப்புவைப்பு வாங்கப்படுகிறது. மின்சாரம் கொடுக்குமுன்பே நுகர்வோரின் பணம் நிறுவனத்திடம் இருக்கிறது; அதற்கு வட்டி தர வேண்டும் என்று 47ஆம் பிரிவு விதிப்பதே இதற்குச் சாட்சி. அதே பிரிவின் 5ஆம் உட்பிரிவு, முன்கட்டண மீட்டருக்கு இசைபவரிடம் காப்புவைப்பு கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு இல்லை என்கிறது. மீட்டர் மாறும் வீடுகள் பழைய வைப்பு எங்கே என்று கேட்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. வாடகைக் குடியிருப்பில் வைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும், முன்பணம் குடியிருப்பவர் கட்டுவார். பல்கலைக்கழகங்களைச் சுற்றி மாணவர்கள் நிறைந்த திருப்பதியில் இது சிறிய சிக்கல் அன்று.

மறுபக்கம், ஆந்திராவில் பின்னோக்கி வசூலிக்கும் முறையும் உயிரோடிருக்கிறது. 2022-23இல் மின்கொள்முதலுக்குக் கூடுதலாகச் செலவான ஏறத்தாழ 6,073 கோடி ரூபாயை 2024 டிசம்பர் முதல் நுகர்வோரிடம் வசூலிக்க மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது. வீடு நாளைய மின்சாரத்துக்கு இன்றே பணம் வைக்க வேண்டும். நிறுவனம் முந்தாநாள் விற்றதற்கு இன்று மீண்டும் விலை கேட்கலாம். முன்கட்டணம் செலவைக் கணிக்க உதவும் என்னும் வாதம் இந்த இடத்தில் தடுமாறுகிறது. ஏற்றிய 500 ரூபாயில் எவ்வளவு இன்றைய விளக்குக்கு, எவ்வளவு பழைய கணக்குக்கு என்பது கைப்பேசிச் செய்தியில் தனித்தனியே தெரியாவிட்டால் எந்தக் குடும்பமும் திட்டமிட முடியாது.

பிரிட்டனில் மாலையிலும் வார இறுதியிலும் இருப்பு தீர்ந்தாலும் மின்சாரம் நிற்காத ‘இணக்க நேரம்’ மீட்டருக்குள்ளேயே அமைக்கப்படுகிறது. குடிநீருக்கு முன்கட்டணக் கருவி வைத்ததை அங்கே 1998இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. துண்டிப்பு அறிவிப்புக்குச் சட்டம் வகுத்த முறையை அக்கருவி தாண்டிச் சென்றதே அவ்வழக்கின் மையம். இங்கே 56ஆம் பிரிவை வைத்து அப்படியொரு வாதத்தை எழுப்ப முடியுமா என்பது சட்ட மாணவர்கள் எடுத்துச் செய்யத்தக்க ஆய்வு. களஆய்வு செய்வோருக்கு வேறொரு பணி இருக்கிறது: இருப்பு தீர்ந்து நின்ற இணைப்புகள் மாதந்தோறும் எத்தனை, மீண்டும் மின்சாரம் வர எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பவை நிறுவனத்தின் கணினியில் நிமிடக் கணக்கில் பதிவாகின்றன. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டிய எண்கள் அவை. விண்ணப்பத்தைத் திருச்சானூர் சாலை முகவரிக்கு அனுப்பலாம்.