ஆளைக் கணக்கிடுவதா, நாளைக் கணக்கிடுவதா? இந்திய வேலையின்மை விகிதம் காட்டாதவை

தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2011-12இல் நடத்திய 68ஆவது சுற்று, இந்தியாவின் வேலையின்மைக்கு வெவ்வேறு விகிதங்களைத் தந்தது: வழக்க நிலையில் 2.2 சதவீதம், வார நிலையில் 3.7, தின நிலையில் 5.6. மூன்றும் ஒரே வீடுகளில் கேட்டுப் பெற்ற விவரங்களிலிருந்து வந்தவை. வழக்க நிலை ஓராண்டைப் பார்க்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடியவரும் துணைத் தொழிலாக 30 நாள் உழைத்திருந்தால் வேலையில் இருப்பவராகிவிடுகிறார். வார நிலைக்கு, கடந்த ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். தின நிலை மட்டும் ஆளை விட்டு நாளை எண்ணுகிறது. வாரத்தை அரை நாள்களாகப் பிரித்து, வேலை கிடைத்தவற்றையும் கிடைக்காதவற்றையும் தனித்தனியே கூட்டுகிறது. இவற்றுள் எது சரி என்று கேட்பதில் பயனில்லை. எந்த வகை வேலையின்மையை அறிய விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே அளவுகோல் அமைய வேண்டும். இந்தியாவில் மேலோங்கி நிற்பவை பருவகால வேலையின்மையும் மறைமுக வேலையின்மையும். கொள்கை விவாதத்தை ஆள்வதோ, அவ்விரண்டையும் பெரும்பாலும் காணத் தவறும், ஆளை எண்ணும் அளவுகோல்.

பொருளாதார மந்தத்தில் வரும் சுழற்சி வேலையின்மை, வேலை மாறும் இடைவெளியில் வரும் பிறழ்ச்சி வேலையின்மை ஆகிய வகைகள் கூலிக்கு வேலை செய்வோர் நிறைந்த தொழில்மயச் சமூகங்களில் உருவான கருத்துகள். அங்கே வேலை போனால் அது ஒரு குறிப்பிட்ட தேதியில் போகிறது. உதவித்தொகை இருப்பதால் அடுத்த வேலை கிடைக்கும்வரை காத்திருக்கவும் முடிகிறது. அத்தகைய பிரிட்டனிலேயே, பெருமந்தத்தில் வேலையிழந்தோர் தெருவில் சில்லறைப் பொருள் விற்கும் நிலைக்கு இறங்கியதைக் கண்ட பொருளியலாளர் ஜோன் ராபின்சன், 1936இல் அதை மறைமுக வேலையின்மை என்றார். பொருளியலாளர் நர்க்ஸே முதலியோர் அக்கருத்தை மக்கள்தொகை மிகுந்த வேளாண் நாடுகளுக்கு விரித்தனர். நிலம் இருக்கும் குடும்பத்தில் வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நிலமற்றவர் நடவுக்கும் அறுவடைக்கும் இடையில் கிடைத்ததைச் செய்கிறார். இருவரையும் வேலையற்றோர் பட்டியலில் காண்பது அரிது. வெளிப்படையாக வேலையின்றி இருக்க, யாரேனும் சோறு போட வேண்டும்.

மாநில வாரியான எண்கள் இதை உறுதிசெய்கின்றன. 2023-24 காலமுறைத் தொழிலாளர் படை ஆய்வின்படி, வழக்க நிலையில் கேரளத்தில் வேலையின்மை 7.2 சதவீதம், பீகாரில் 3.0. ஆனால் பிழைப்புத் தேடிப் பீகாரிலிருந்து கேரளத்துக்குத்தான் ஆள்கள் போகிறார்கள். கேரளத்தின் எண்ணில் பெரும்பங்கு கற்றோர் வேலையின்மை: படிப்புக்கேற்ற வேலைக்காகக் குடும்ப ஆதரவில் காத்திருக்கும் இளைஞர்கள். பீகாரின் ஏழைக்கு அந்தக் காத்திருப்பு கட்டாது. குறைந்த விகிதம் அங்கே வேலைவளத்தின் அடையாளமன்று, வறுமையின் அடையாளம்.

காலப்போக்கிலான மாற்றத்துக்கும் இது பொருந்தும். 2017-18இல் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே வழக்க நிலையில் 6.0 சதவீதமாக இருந்த வேலையின்மை விகிதம் 2023-24இல் 3.2 ஆனது. அதே காலத்தில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2இலிருந்து 58.4 சதவீதமாக உயர்ந்தது. தொழிலாளர் படையில் பெண்களின் பங்கேற்பு 23.3இலிருந்து 41.7 சதவீதம் ஆயிற்று. வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானோர் குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவோர். முன்பு கணக்கில் வராத பெண்களின் உழைப்பு இப்போது பதிவாகிறது, அதைக் குறை சொல்லலாமா என்று கேட்கப்படலாம். பதிவாவது நல்லதே. ஆனால் பதிவு மேம்பட்டதால் விகிதம் குறைந்தது என்றால், உழைப்புக்கான தேவை பெருகியதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

மறைமுக வேலையின்மை என்ற கருத்தையே மறுத்தவர் பொருளியலாளர் தியோடர் ஷுல்ட்ஸ். 1918-19 இன்புளுயன்சாவில் மக்கள் மடிந்தபோது இந்தியாவில் பயிரிட்ட பரப்பும் குறைந்தது. எனவே உற்பத்தி குறையாமல் விலக்கத்தக்க மிகையுழைப்பு என ஒன்று இல்லை என்றார். அமர்த்தியா சென் இதை ஏற்கவில்லை. கொள்ளைநோய் மிகையுழைப்பு உள்ள குடும்பம், இல்லாத குடும்பம் என்று பார்த்துத் தாக்குவதில்லை. ஆள் மிகுந்த வீட்டிலிருந்து ஒருவர் வெளியேறினால் எஞ்சியோர் அவர் வேலையைச் சேர்த்துச் செய்துகொள்வர். இரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள். சென் சொல்வதே வலுவானது என்பது என் கருத்து.

பன்னாட்டு ஒப்பீட்டுக்கு ஒரே வரையறை தேவை என்னும் வாதம் இன்னும் எளிதில் விலகும். பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடே 2013இல், வேலையின்மை விகிதத்தோடு போதாவேலையையும் தேடலைக் கைவிட்டோரையும் அளக்கும் குறியீடுகளைப் பரிந்துரைத்தது. தன் வீட்டு நுகர்வுக்கே விளைவிப்பதை வேலைவாய்ப்பிலிருந்து நீக்கவும் செய்தது. இந்தியா அதை இன்னும் வேலையாகவே எண்ணுகிறது. ஒற்றை எண் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று வேலையின்மை மதிப்பீடுகளை ஆராய்ந்த தந்த்வாலா குழு 1970லேயே சொல்லிவிட்டது. 2025 முதல் மாதந்தோறும் வெளியாகும் காலமுறைத் தொழிலாளர் படை ஆய்வின் அறிக்கையோ வார நிலையை மட்டுமே தலைப்பில் வைக்கிறது. வாரத்தின் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதை இந்த ஆய்வு ஏற்கெனவே கேட்டுப் பதிகிறது. தின நிலை விகிதத்தையும் ஊதியமற்ற உதவியாளரின் பங்கையும் வார நிலை விகிதத்துக்கு அருகிலேயே அச்சிடப் புதிய கள ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.