குச்சிக்கிழங்கைக் காத்த குளவி

குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியைத் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுபோனார்கள். மழை பொய்த்தாலும் கிழங்கு கைவிடாது என்பதால் ஊர் ஊராகப் பரவியது. அதன் மாவுப்பூச்சி மட்டும் பல நூற்றாண்டு கழித்து, 1970களின் தொடக்கத்தில்தான் காங்கோ பகுதிக்கு வந்து சேர்ந்தது. குருத்தில் சாறுறிஞ்சியதில் இலை சுருண்டது, கிழங்கு சிறுத்தது. இலையைக் கீரையாகச் சமைக்கும் ஊர்களில் குழம்புக்கும் வழியில்லாமல் போனது. சில இடங்களில் விளைச்சலில் 80 சதவீதம் வரை நட்டம்.

நைஜீரியாவின் இபாடானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் சுவிட்சர்லாந்துக்காரரான ஹான்ஸ் ஹெரன் 1979இல் சேர்ந்தார். மருந்தடித்துத் தீராது, பூச்சியின் பூர்விகத்தில் அதைத் தின்பது எதுவோ அதைக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கணக்கு.

தேடல் முதலில் ஏமாந்தது. தென் அமெரிக்காவின் வடபகுதியில் அச்சு அசலாக அதே மாவுப்பூச்சி கிடைத்ததாகத் தோன்றியது. ஆனால் அதில் ஆணும் பெண்ணும் இருந்தன. ஆப்பிரிக்காவில் இருந்ததோ ஆணே இல்லாமல் பெருகும் இனம். உருவ ஒற்றுமையை நம்பியிருந்தால் வேலை அங்கேயே கெட்டிருக்கும். இந்தக் கதையில் குளவியைவிட வகைப்பாட்டியலுக்கே அதிகப் பங்கு என்று சொல்லலாம்.

சரியான பூச்சியை 1981இல் பராகுவேயில் கண்டவர் ஆண்டனி பெல்லாட்டி. அதனோடு கிடைத்தது அனாகைரஸ் லோபெசி என்ற குளவி. குளவி என்றதும் கன்னம் வீங்குமோ என்று பயப்பட வேண்டாம். எறும்பைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று, கூட்டைத் துளைத்துக் குளவியாக வெளியேறும். பிரிட்டனில் தனிமைப்படுத்திச் சோதித்தபின் அதே ஆண்டு இபாடானில் விட்டார்கள். பிறகு விமானத்திலிருந்தும் தூவினார்கள். இந்தப் பணிக்காக ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

மாவுப்பூச்சி ஓயவில்லை. 2008இல் தாய்லாந்து, 2020இல் திருச்சூர், அடுத்து ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலம், நாமக்கல். பப்பாளி மாவுப்பூச்சிக்காக 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி தருவித்த அனுபவம் பெங்களூரு ஆய்வாளர்களுக்கு இருந்தது. இம்முறை பெனின் நாட்டிலிருந்து லோபெசி வந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. குளவி விட்ட காட்டில் மருந்தடிக்கக் கூடாது. மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் பூச்சு உண்டு. குளவிக்கு அது கிடையாது.